973-ஐத் தாண்டிப் போங்கள்

கேள்வி: என் மகள் நியூஜெர்சியில் பத்தாம் கிரேடு படிக்கிறாள். அமெரிக்க வரலாறு பற்றி, கதையல்லாத புத்தகம் ஒன்றைத் தானே தேர்ந்தெடுத்து நான்கு வாரத்தில் படிக்க வேண்டும். பிறகு ஐந்து பக்கக் கட்டுரை, வகுப்பில் பத்து நிமிடப் பேச்சு. புத்தகம் குறைந்தது 150 பக்கம் இருக்க வேண்டுமாம். அந்தக் காலத்து மூல ஆவணங்கள் இரண்டையும் தேடிக் காட்ட வேண்டுமாம். நான் லிங்கனைப் பற்றி ஒரு தடிமனான புத்தகம் வாங்கிக் கொடுத்தேன். நாற்பதாவது பக்கத்தில் நிற்கிறது. "ஹிஸ்டரின்னாலே போர்ம்மா" என்கிறாள். பேய்க்கதை, மாயாஜாலக் கதை என்றால் ராத்திரி ஒரு மணி வரை விழித்திருந்து படிப்பாள். நான் கல்யாணத்துக்கு அப்புறம் இங்கே வந்தவள். இந்த நாட்டு வரலாறு எனக்கும் தெரியாது. எந்தப் புத்தகம் வாங்கலாம்? – ஒரு தாய், எடிசன்

பதில்:

வணக்கம். முதலில் ஒன்று: வாங்காதீர்கள். பிடிக்குமா பிடிக்காதா என்று தெரியாத புத்தகத்துக்குக் காசு போட்டுவிட்டால், பிடிக்காவிட்டாலும் "முடி, முடி" என்று பின்னாலேயே நிற்கத் தோன்றும். லிங்கனுக்கு உங்கள் வீட்டில் நேர்ந்தது அதுதானோ என்று சந்தேகப்படுகிறேன். நூலக அட்டையில் ஒரே நேரத்தில் நாலு புத்தகம் எடுத்து, மூன்றைத் திருப்பிக் கொடுக்கலாம். யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். பதினெட்டு வருடமாக உயர்நிலைப் பள்ளி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். படிக்காமல் திரும்பி வரும் புத்தகங்களை வைத்துத்தான் பிள்ளைகளின் ரசனையை அதிகம் தெரிந்துகொண்டேன்.

மகள் "போர்" என்று சொன்னதை இரண்டு அர்த்தத்திலும் எடுத்துக்கொள்ளலாம். இங்கே பாடப்புத்தகம் அப்படித்தான் ஓடும்: விடுதலைப் போர், உள்நாட்டுப் போர், முதல் உலகப் போர், இரண்டாம் உலகப் போர். நடுவில் யார் ஜனாதிபதி, என்ன சட்டம். கதை படிக்கிற பிள்ளைக்கு அதில் ஒட்டிக்கொள்ள ஆள் கிடைக்காது. வரலாறு பிடிக்காது என்று அவள் சொல்வதை நான் நம்பவில்லை. இதுவரை அவளுக்குக் கிடைத்தது பெரும்பாலும் பொருளடக்கம்தான்.

இனி அலமாரிக்குப் போவோம். அமெரிக்காவில் பெரும்பாலான பொது நூலகங்களிலும் பள்ளி நூலகங்களிலும் கதையல்லாத புத்தகங்களை டூயி எண்முறையில் அடுக்குவார்கள். 973 என்றால் அமெரிக்கா மொத்தமும். ஜனாதிபதிகள், போர்கள், நாட்டின் முழு வரலாறு எல்லாம் அங்கே. ப்ராஜெக்ட் என்றதும் பிள்ளைகள் நேரே போய் நிற்பது அந்த இடத்தில்தான். நான் அவர்களை இன்னும் கொஞ்சம் வலது பக்கம் நகரச் சொல்வேன். 974 வடகிழக்கு மாநிலங்கள். அதற்குள் 974.7 நியூயார்க், 974.8 பென்சில்வேனியா, 974.9 உங்கள் நியூஜெர்சி. 975 தென்கிழக்கு, 977 சிகாகோ பக்கம், 978 மேற்குச் சமவெளி, 979-ல் கலிஃபோர்னியா வந்துவிடும். அங்கே நாட்டின் கதை இருக்காது. ஒரு ஊர், ஒரு தொழிற்சாலை, ஒரு புயல், ஒரு கொலை வழக்கு இருக்கும். ஐந்து பக்கக் கட்டுரைக்கு அந்த அளவுதான் சரி. லிங்கனை ஐந்து பக்கத்தில் அடக்கப் பார்த்தால் கலைக்களஞ்சியத்தைச் சுருக்கியது போலத்தான் வரும்.

உதாரணத்துக்கு, 974.8-ல் கை வைத்தால் டேவிட் மெக்கல்லா எழுதிய 'தி ஜான்ஸ்டவுன் ஃப்ளட்' கிடைக்கும். 1968-ல் வந்த, அவருடைய முதல் புத்தகம். உங்கள் மகளுக்கு நான் முதலில் நீட்டுவது இதைத்தான். ஏன் என்று சொல்ல, கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

பென்சில்வேனியா மலைகளுக்கு நடுவே ஜான்ஸ்டவுன் ஒரு இரும்பாலை ஊர். அதற்கு மேலே, ஆற்றோடு போனால் 14 மைல் தூரத்தில், ஒரு மண் அணை. கால்வாய்ப் படகுகளுக்குத் தண்ணீர் விட மாநில அரசு கட்டியது. ரயில் வந்ததும் தேவையில்லாமல் போய்விட்டது. கைமாறிக் கைமாறி ஒருவரிடம் வந்தபோது, அவர் அடியில் இருந்த வார்ப்பிரும்புக் குழாய்களைப் பிடுங்கிப் பழைய இரும்பு விலைக்கு விற்றுவிட்டார். ஏரி நிரம்பினால் தண்ணீரை அடியில் திறந்துவிட இனி வழியில்லை. 1879-ல் பிட்ஸ்பர்க் பணக்காரர்களின் மீன்பிடி கிளப் ஒன்றுக்காக அந்த இடம் வாங்கப்பட்டது. ஆண்ட்ரூ கார்னகி, ஹென்றி ஃப்ரிக் எல்லாம் அதில் உறுப்பினர்கள். குழாய்களைத் திரும்பப் பதிக்காமலே அணையை மராமத்து செய்தார்கள். மேலே குதிரை வண்டிகள் ஒன்றையொன்று தாண்டிப் போக வசதியாக அணையின் தலையைச் சீவித் தாழ்த்தினார்கள். அப்புறம், காசு கொடுத்து வாங்கி விட்ட மீன்கள் தப்பிப் போய்விடக் கூடாதென்று கலிங்கில் கம்பித் தடுப்பு வைத்தார்கள்.

நம் ஊரில் ஏரிக்கரையில் வளர்ந்த யாருக்கும் இங்கே வயிற்றைப் பிசையும். உபரித் தண்ணீர் போகிற ஒரே வழியில் மீனுக்கு வேலி!

1889 மே 31. ராத்திரி முழுக்கக் கொட்டிய மழையில் கட்டைகளும் செடிகொடிகளும் வந்து அந்தக் கம்பித் தடுப்பில் அடைத்துக்கொண்டன. பிற்பகல் 3 மணி தாண்டிச் சில நிமிடங்களில் அணை போனது. பள்ளத்தாக்கில் வழியில் ஜான் ஹெஸ் என்ற ரயில் ஓட்டுநர் வெள்ளத்தின் இரைச்சலைக் கேட்டு, விசிலைக் கட்டி விட்டு, அது அலறிக்கொண்டே இருக்க, எஞ்சினைப் பின்னோக்கி ஊர்ப்பக்கம் ஓட்டினார். அந்தச் சத்தம் கேட்டு மேட்டுக்கு ஓடியவர்கள் பிழைத்தார்கள். 4 மணி தாண்டி தண்ணீர் ஜான்ஸ்டவுனுக்குள் வந்தபோது அது தண்ணீராகவே இல்லை. வீடும் மரமும் ரயில் பெட்டியும் கம்பி ஆலையின் முள்கம்பியும் உருண்டு வந்தன. இறந்தவர்கள் 2,209 பேர். அதில் 99 குடும்பங்களில் ஒருவர்கூட மிஞ்சவில்லை.

கெர்ட்ரூட் குவின் என்ற ஆறு வயதுக் குழந்தை மிதக்கும் குப்பைக் குவியல் மேல் தனியாகப் போய்க்கொண்டிருக்கிறாள். கூரை ஒன்றில் ஒதுங்கியிருந்த மேக்ஸ்வெல் மெக்காக்ரென் என்ற தொழிலாளி, மற்றவர்கள் தடுத்தும் கேட்காமல் குதித்து அவளிடம் போய்ச் சேருகிறார். கொஞ்ச தூரம் போனதும் கரைப் பக்கம் ஒரு கட்டடத்து ஜன்னலில் இரண்டு பேர் கைநீட்டி நிற்கிறார்கள். தண்ணீருக்கு மேலே, காற்றில், குழந்தையைத் தூக்கி வீசுகிறார் இவர். அவர்கள் பிடித்துவிடுகிறார்கள். வளர்ந்த பிறகு அந்த அம்மையார் இதைத் தானே எழுதி வைத்தார். ராத்திரி ஒரு மணி வரை மாயாஜாலக் கதை படிக்கிற பெண் இந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடி வைப்பாளா?

சரி, கதை விறுவிறுப்பு. ப்ராஜெக்ட்டுக்கு அது மட்டும் போதாது. வாதிட ஏதாவது இருக்க வேண்டும். இதில் இருக்கிறது. வழக்குப் போட்டவர்களுக்கு கிளப்பிடமிருந்து ஒரு காசு பெயரவில்லை. அப்படியானால் 2,209 பேர் செத்தது மழையாலா, மீன் வேலியாலா? டீச்சர்கள் எதிர்பார்க்கிற மையக் கேள்வி இந்த மாதிரிதான் இருக்கும்: ஒரு வரியில் கேட்கலாம், ஐந்து பக்கம் பேசலாம். (நூலகர் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: வெள்ளத்துக்குப் பிறகு ஜான்ஸ்டவுனுக்கு நூலகம் கட்டப் பணம் கொடுத்தவர் அதே கார்னகி. வெள்ள அருங்காட்சியகம் இன்று இருப்பது அந்தக் கட்டடத்தில்தான்.)

இப்போது, எந்தப் புத்தகத்துக்கும் பொருந்துகிற ஒரு பழக்கம். கையில் எடுத்ததும் பின்னாலிருந்து திறந்து பாருங்கள். கடைசிப் பக்கங்களில் குறிப்புகளும் ஆதாரப் பட்டியலும் இருக்கின்றனவா? ஆசிரியர் எதைப் பார்த்து எழுதினார்? மெக்கல்லா, ரயில் கம்பெனி தன் ஊழியர்களிடம் அப்போதே வாங்கிய வாக்குமூலங்களைப் பார்த்திருக்கிறார்; 1960-களில் உயிரோடிருந்த முதியவர்களிடமும் பேசியிருக்கிறார். பின்பக்கம் காலியாக இருந்தால் அந்தப் புத்தகத்தைத் திரும்ப வைத்துவிடுங்கள், அட்டை எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும். உள்ளே மேற்கோள் குறிக்குள் நீளநீளமாகப் பேசிக்கொள்கிறார்கள், பின்னால் ஒரு குறிப்பும் இல்லை என்றால் அது வரலாற்று நாவலாக இருக்க வாய்ப்புண்டு. டீச்சர் ஏற்க மாட்டார்.

பேய்க்கதைப் பிரியை என்றதும் பலர் எரிக் லார்சனின் 'தி டெவில் இன் தி ஒயிட் சிட்டி'யைச் சொல்வார்கள். 1893 சிகாகோ உலகக் கண்காட்சியும், அதே ஊரில் அப்போது ஆட்களைக் கொன்றுகொண்டிருந்த எச்.எச். ஹோம்ஸும். உலகின் முதல் ஃபெர்ரிஸ் சக்கரம் எழும்புகிற பகுதிகள் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் கொலைக் காட்சிகளை யாரும் பார்த்து எழுதி வைக்கவில்லை. கிடைத்த சான்றுகளை வைத்துத் தானே கட்டி எழுப்பியதை லார்சன் பின்குறிப்புகளில் ஒப்புக்கொள்கிறார். பின்னாலிருந்து திறந்தால்தான் இது தெரியும். பல நூலகங்களில் இதை வரலாற்றில் வைக்காமல் 364-ல், குற்ற வழக்குகளோடு வைத்திருப்பார்கள். பத்தாம் கிரேடுக்கு உள்ளடக்கம் கொஞ்சம் கொடூரம்தான். உங்கள் பெண்ணுக்குத் தாங்குமா என்பது உங்களுக்குத் தெரியும்.

மெக்கல்லாவின் நடை பழையது என்று அவள் முகம் சுளித்தால், இரண்டாவதாக ஸ்டீவ் ஷெங்கினின் 'தி போர்ட் சிகாகோ 50'. ஷெங்கின் முன்பு பாடப்புத்தகம் எழுதிக்கொண்டிருந்தவர். பாடப்புத்தகத்தில் சேர்க்க முடியாத கதைகளை இப்போது எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். போர்ட் சிகாகோ கலிஃபோர்னியாவில் இருந்த கடற்படைத் துறைமுகம். பெயரைப் பார்த்துச் சிகாகோ என்று நினைத்துவிட வேண்டாம். அங்கே கப்பலில் குண்டு ஏற்றும் வேலை முழுக்கக் கறுப்பினச் சிப்பாய்களுக்கு. மேலே நின்று வேலை வாங்கியவர்கள் வெள்ளை அதிகாரிகள். குண்டுகளைக் கையாளப் பயிற்சி எதுவும் தரவில்லை. யார் குழு அதிகம் ஏற்றும் என்று அதிகாரிகள் தங்களுக்குள் பந்தயம் கட்டினார்கள். 1944 ஜூலை 17 இரவு வெடித்தது. 320 பேர் இறந்தார்கள். அதில் 202 பேர் கறுப்பினத்தவர். பிழைத்தவர்களை சில வாரங்களில் இன்னொரு துறைமுகத்தில் அதே வேலைக்கு அனுப்பினார்கள். நூற்றுக்கணக்கானோர் மறுத்தார்கள். ஐம்பது பேர் மேல் கலகக் குற்றம் சாட்டி, ஐம்பது பேருக்கும் தண்டனை. பிற்காலத்தில் உச்ச நீதிமன்ற நீதிபதியான தர்குட் மார்ஷல் அந்த விசாரணையில் வந்து உட்கார்ந்து கவனித்தார்.

மாணவிக்கு இதில் ஒரு பெரிய வசதி உண்டு. புத்தகம் வந்தது 2014-ல். 2024 ஜூலை 17 அன்று, வெடிப்பின் 80-வது ஆண்டு நாளில், கடற்படைச் செயலர் அவர்கள் எல்லாரையும் குற்றத்திலிருந்து விடுவித்தார். புத்தகம் முடியாத இடத்தில் உங்கள் மகள் பேச்சை முடிக்கலாம். கடற்படை அப்போது வெளியிட்ட அறிவிப்பை இரண்டு ஆவணங்களில் ஒன்றாக வைக்க டீச்சர் சம்மதிக்கிறாரா என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். 1944-ஐப் பற்றியது, ஆனால் 2024-ல் எழுதியது, இல்லையா?

ஷெங்கின் இளைஞர்களுக்கு எழுதுகிறவர் என்று உங்களுக்குத் தயக்கம் வரலாம். வேண்டாம். எங்கள் பள்ளியில் ஒரு பையன், "இருக்கறதுலயே சின்னப் புத்தகம் கொடுங்க" என்று மட்டும் கேட்டு வந்தான். இதைக் கொடுத்தேன். மறுவாரம் வந்து, தண்டனை பெற்றவர்களில் யாராவது உயிரோடிருக்கிறார்களா என்று கேட்டான். பெரியவர்கள் படிக்கிற எத்தனையோ புத்தகத்தைக் கொடுத்தும் எனக்கு அந்தக் கேள்வி வந்ததில்லை.

ஆல்பர்ட் மாரினின் 'ஃப்ளெஷ் அண்ட் பிளட் ஸோ சீப்' இன்னொரு நல்ல தேர்வு. 1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கில் ட்ரையாங்கிள் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் பிடித்த தீ, 146 உயிர்கள், பூட்டிக் கிடந்த கதவு, ஆறாம் மாடிக்கு மேல் எட்டாத தீயணைப்பு ஏணி. இறந்தவர்களில் பலர் உங்கள் மகளைவிட ஓரிரு வயதே பெரிய, புலம்பெயர்ந்து வந்த பெண்கள். படங்கள் நிறைய. கார்னெல் பல்கலைக்கழகம் இந்தத் தீ பற்றிய கடிதங்கள், சாட்சியங்கள், புகைப்படங்களை இணையத்தில் வைத்திருக்கிறது. ஆவணத் தேடல் பாதி முடிந்த மாதிரி.

இஸபெல் வில்கர்சனின் 'தி வார்ம்த் ஆஃப் அதர் சன்ஸ்' என் கணக்கில் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய புத்தகம். 1915 முதல் 1970 வரை தெற்கிலிருந்து வடக்கேயும் மேற்கேயும் போன சுமார் 60 லட்சம் கறுப்பின மக்களின் கதையை மூன்று பேர் வழியாகச் சொல்கிறது. ஆனால் 600 பக்கத்துக்கு மேல். நான்கு வாரத்தில், மற்ற பாடங்களோடு, பதினைந்து வயதுப் பிள்ளையிடம் கேட்கக்கூடாத விஷயம். கோடை விடுமுறைக்கு வையுங்கள். உங்களுக்கு வேண்டுமானால் இப்போதே எடுத்துக்கொள்ளலாம். சொந்த ஊரை விட்டுக் கிளம்புகிறவர்கள் பெட்டியில் எதை வைப்பார்கள், எதை விடுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

இந்த நாட்டு வரலாறு உங்களுக்குத் தெரியாது என்று எழுதியிருந்தீர்கள். அதனால் ஒரு தகவல். விவேக் பால்ட் எழுதிய 'பெங்காலி ஹார்லெம்' (2013) என்ற ஆய்வு நூலில், 1880-களிலேயே வங்காளத்து ஹூக்ளிப் பக்கத்திலிருந்து முஸ்லிம் வியாபாரிகள் பூவேலைத் துணி மூட்டைகளோடு வந்து ஆஸ்பரி பார்க்கிலும் அட்லாண்டிக் சிட்டியிலும் கடற்கரைக்கு வரும் விடுமுறைக் கூட்டத்திடம் விற்ற கதை இருக்கிறது. நீங்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிற அதே நியூஜெர்சிக் கடற்கரை! முழுப் புத்தகமும் பதினைந்து வயதுக்குக் கொஞ்சம் கடினம். முதல் அத்தியாயத்தை மட்டும் காட்டுங்கள். பிடித்துக்கொண்டால் டீச்சரிடம் பேசிப் பார்க்கலாம்.

ஆவணங்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஜான்ஸ்டவுனைத் தேர்ந்தெடுத்தால், லைப்ரரி ஆஃப் காங்கிரஸின் 'க்ரோனிக்ளிங் அமெரிக்கா' தளத்தில் 1889 ஜூன் மாதச் செய்தித்தாள்களை இலவசமாகப் பார்க்கலாம். அவற்றில் ஒரு வேடிக்கை, வேடிக்கை என்று சொல்லக் கூடாது, ஒரு அநியாயம் இருக்கிறது. ஹங்கேரியத் தொழிலாளர்கள் பிணங்களின் விரலை வெட்டி மோதிரம் திருடுகிறார்கள் என்று பல பத்திரிகைகள் எழுதின. பொய். அந்தச் செய்தியில் ஒன்றையும், அதை மெக்கல்லா எப்படி உடைக்கிறார் என்பதையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினால், பத்து நிமிடப் பேச்சில் நாலு நிமிடம் அதிலேயே போய்விடும். போனில் வதந்தி பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

நேரக் கணக்கு: இரண்டரை வாரம் படிப்புக்கு, மீதி எழுத்துக்கு. படிக்கும்போதே பென்சிலால் ஒட்டுத்தாளில் "இது நிஜமா?", "யார் சொன்னது?" என்று மட்டும் குறித்து வைக்கச் சொல்லுங்கள். கட்டுரை அந்தத் தாள்களிலிருந்தே கிளம்பும். அத்தியாயச் சுருக்கம் எழுதச் சொல்லாதீர்கள், அது அவளைத் திரும்ப "போர்" பக்கம் கொண்டுபோய் விடும். கண் சோர்ந்தால் நூலக அட்டையை வைத்து லிபி செயலியில் ஒலிப்புத்தகம் கிடைக்கிறதா பாருங்கள். கேட்பதும் படிப்புதான். ஆனால் மேற்கோளுக்குப் பக்க எண் வேண்டும் என்பதால் அச்சுப் பிரதியும் பக்கத்தில் இருக்கட்டும்.

இந்தச் சனிக்கிழமை மெக்கல்லா, ஷெங்கின், மாரின் மூன்றையும் எடுத்து வாருங்கள். உங்கள் ஊர்க் கிளையில் இல்லாததை வேறு நூலகத்திலிருந்து வரவழைத்துத் தருவார்கள். கவுண்டரில் கேட்டால் போதும். மூன்றையும் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாதீர்கள். ஒவ்வொன்றிலும் முதல் பத்து பக்கம் படித்து, இரண்டை வேண்டாம் என்று ஒதுக்கும் உரிமை அவளுடையது. நான் சொன்ன வரிசையில் அவள் தேர்ந்தெடுக்காவிட்டால் வருத்தப்பட மாட்டேன்.

லிங்கனைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம், அலமாரியிலேயே இருக்கட்டும். உள்நாட்டுப் போர் பாடம் வரும்போது பின்பக்கத்து அட்டவணையைப் பார்த்து வேண்டிய பக்கங்களை மட்டும் அவள் எடுத்துக்கொள்வாள்.